கடலிலிருந்து வந்த குரல்

1954, தை 18. தரங்கம்பாடி.

மகளைக் கட்டிக்கொடுத்த ஊரை இன்றுதான் சுற்றிப் பார்த்தோம். பழைய கோட்டை, பாதியைக் கடல் தின்றுவிட்ட கோயில், மேடே இல்லாத வயல்வெளி. சாதுவான ஊர் என்றுதான் நினைத்தேன்.

அந்தியில் கரையில் நின்றபோது கடலுக்குள்ளிருந்து "ஓ… ஓ" என்று ஒரு குரல் வந்தது. என் மனைவி ஞானம்மாள் கை குவித்துப் பதில் குரல் கொடுத்துவிட்டாள். எங்கள் ஊரான தேன்கனிக்கோட்டையின் பழக்கம். வயலில் யானை இறங்காமல் இரவுக்காவல் இருக்கும்போது ஒரு பரணிலிருந்து குரல் வந்தால் அடுத்த பரண் பதில் கொடுக்க வேண்டும். ஒருமுறை கொடுத்தவர் அடுத்த முறை கொடுக்காவிட்டால், ஆளுக்கு என்னவோ என்று பந்தத்தோடு தேடிப் போய்விடுவோம்.

சம்பந்தியின் முகம் வெளுத்துவிட்டது. "தண்ணியில படகு ஒண்ணும் இல்ல சம்பந்தியம்மா. அந்தச் சத்தத்துக்கு இங்க யாரும் பதில் குடுக்க மாட்டோம்."

"தனியா இருக்கற ஆளு கூப்புட்டா சும்மாவா இருக்கறது?" என்றாள் இவள்.

வெறும் காற்றுச் சத்தத்துக்கு இவ்வளவு பயமா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

இப்போது அதே குரல் கேட்கிறது. ஞானம்மாள் அயர்ந்து தூங்குகிறாள். எழுப்பினால் பதில் கொடுத்துவிடுவாள். கொடுக்காவிட்டால் தேடி வரும்.