புகைக்கூடத்துச் செங்கல்

அண்ணே,

ஈப்போவில் இன்று விடிந்ததிலிருந்து மழை. ஈரக் காற்று அறைக்குள் நுழைந்ததும் கதவோரத்துச் செங்கல் மணக்கத் தொடங்கிவிட்டது. வெயில் நாளில் அது வெறும் கல். மழை வந்தால் மட்டும் உள்ளே ஊறிக் கிடக்கும் ரப்பர் புகை மெல்ல வெளியே வரும். வீட்டுக்கார அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு, "டீச்சர், பி.ஏ. படிச்சவங்க அறையில இந்த நாத்தம் புடிச்ச கல்லு எதுக்கு?" என்றார். "கதவு அடிச்சுக்காம இருக்க" என்றேன். அதற்கு மேல் எனக்கு வாய் வராது. உனக்குத் தெரியும்.

சிம்பாங் பூலாய்க்கு அப்பால், மலையடிவாரத்தில் நம் தோட்டம். மலாயா முழுக்க ரப்பர் விலை விழுந்த அந்த வருஷம் நினைவிருக்கிறதா? பாதி மரங்களைப் பால் வெட்டாமலே விட்டுவிட்டார்கள். கூலிக்காரர் லயத்தில் வீடு வீடாகக் காலியானது. ஆட்களை நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். உன் இருமலைக் கேட்ட தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர், நீ பால் வெட்ட லாயக்கில்லை என்று சொல்லிவிட்டார். தொரை உனக்குக் கடைசியாக ஒரு வேலை கொடுத்தார். மலையோரத்துப் புதுக்காட்டில் நட்ட ரப்பர் கன்றுகளை ஒரு காட்டுப்பன்றி கிளறிப் போட்டுக்கொண்டிருந்தது. தொரையின் துப்பாக்கியால் அதைச் சுட வேண்டும்.

தொரை ஆங்கிலத்தில் சொன்னதைக் கங்காணி தமிழாக்கினார்: "கன்னு நின்னா நீ நிக்கலாம். கன்னு போனா நீயும் கப்பல் ஏறு."

நீ ஏறினால் அம்மாவும் நானும் ஏற வேண்டும். அப்பா போன பிறகு நாம் மூவரும் ஒரே மூட்டைதானே. ஈப்போ மிஷன் பள்ளியில் எனக்குக் கிடைத்திருந்த இடமும் அத்தோடு போய்விடும். அதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. விடுமுறைக்கு நான் கொண்டுவந்திருந்த சீருடையை அம்மா மட்டும் துவைத்துத் துவைத்து மடித்து வைத்தாள்.

பெரட்டுக்குச் சங்கு ஊதி ஆட்கள் வரிசையில் நிற்கும் முன்பே நாம் கிளம்பிவிடுவோம். பரணில் அசந்து தூங்கி நீ கீழே விழுந்துவிடுவாயோ என்று அம்மாவுக்குப் பயம். அதனால்தான் என்னைக் கூட அனுப்பினாள். காட்டு மரக் கிளையில் மூங்கிலைக் கட்டிய பரண். இரவெல்லாம் பெய்த மழையில் மூங்கில் நனைந்திருக்கும். வெளுக்கும் நேரத்தில் மலையிலிருந்து பனி இறங்கி வரும். இந்த ஊரில் குளிரா என்று கேட்பவர்கள், அசையாமல், ஈர மூங்கிலில், மலைக்காற்றில் உட்கார்ந்து பார்த்ததில்லை. நடந்தால் சூடு வரும். பரணில் நடக்க முடியாது. நெருப்பு மூட்டக் கூடாது, சுருட்டுப் பிடிக்கக் கூடாது.

அம்மா உன் நெஞ்சிலும் முதுகிலும் கற்பூரத் தைலத்தைச் சூடாகத் தேய்த்து, கம்பளியால் இறுகச் சுற்றி அனுப்புவாள். பன்றி காட்டு விளிம்பு வரைக்கும் வரும். நின்று, மூக்கைத் தூக்கி, ஓர் உறுமலோடு திரும்பி ஓடிவிடும். மறுநாளும் அப்படியே. இருமல்தான் காரணம் என்று நீ துண்டை வாயில் திணித்துக்கொண்டாய். கண்ணில் நீர் முட்டும்.

கங்காணிக்கு அது வேடிக்கை. "என்னடா, பன்னியைச் சுடப் போறியா, இருமித் தாலாட்டுப் பாடப் போறியா?" பெரட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

அன்று திரும்பி வரும்போதுதான் எனக்கு வாய் திறந்தது. "அண்ணே, இன்னிக்கு நீ இருமவே இல்ல."

"ஆமா. அதுக்கென்ன?"

"பன்னி திரும்பிருச்சே. காத்து நம்ம பக்கமிருந்து அது பக்கம் போச்சு. தைல வாடை."

நீ நடுவழியில் நின்றுவிட்டாய். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "அட கிறுக்கு அம்மா! எனக்கு மருந்து தேச்சாளா, பன்னிக்குத் தந்தி அடிச்சாளா?"

ஆனால் தைலம் இல்லாவிட்டால் குளிரில் உனக்கு இருமல் வரும். இருமினாலும் பன்றி ஓடும். இரண்டு நாள் அதையே யோசித்தபடி வாசலில் உட்கார்ந்திருந்தாய். பிறகு புகைக்கூடத்துக்குப் போனாய். அங்கே ரப்பர் தகடுகளை உலர்த்த இரவும் பகலும் விறகு எரியும். அந்தப் புகை தோட்டத்து ஆட்கள் எல்லோர் மேலும் இருக்கும், பன்றிக்கும் பழகிப்போனது. அடுப்பு வாயில் கிடந்த செங்கல்லைக் கோணியில் சுற்றி எடுத்து வந்தாய்.

அன்று தைலம் தேய்க்காமல் பரணேறியதும், "உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு" என்று என் மடியில் ஒரு பொட்டலத்தை வைத்தாய். இன்னொன்றை உன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாய். காற்றுக்குத் தடுப்பாக முதுகில் ரப்பர் தகடு ஒன்று. எனக்கு வயிறு வரைக்கும் வெதுவெதுப்பு ஏறியது.

"அண்ணே, உன் கல்லு சூடா இருக்கா?" என்று காதோரம் கேட்டேன்.

"இருக்கு."

பனிக்குள்ளிருந்து பன்றி வந்தது. மூக்கைத் தூக்கியது. உன் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியதைப் பார்த்தேன். நீ துண்டைக் கடித்தாய், கழுத்து நரம்பு புடைத்தது. பன்றி தலையைத் தாழ்த்திக் கன்றுகளுக்கு நடுவே நடந்தது. வெடிச் சத்தத்தில் மலையே இருமியது போலிருந்தது. அதற்குப் பிறகுதான் நீ இருமினாய். பரண் ஆட ஆட, நெடுநேரம்.

லயத்தில் கறி பங்கு போட்டார்கள். கங்காணிதான் முதல் ஆளாகச் சட்டியோடு வந்து, தொடைக்கறி கேட்டார். "தாலாட்டுப் பாடித்தான் தூங்க வெச்சேன், கங்காணி" என்றாய். அவரே சிரித்துவிட்டார். நாம் கப்பல் ஏறவில்லை. விடுமுறை முடிந்து நான் ஈப்போவுக்குத் திரும்பினேன்.

ஆனால் அதற்கு முன்பு, பரணிலிருந்து இறங்கியதும், பொட்டலங்களைச் சுமந்து வந்தவள் நான். என்னுடையதில் இன்னும் சூடு இருந்தது. உன்னுடையது சில்லிட்டிருந்தது. பிரித்துப் பார்த்தேன். புகையே படாத, பாசி பிடித்த கல். நம் லயத்து வாய்க்கால் ஓரத்தில் கிடக்கும் கல்.

"புகைக்கூடத்துக்காரரு ஒண்ணுதான் குடுத்தாரு" என்றாய், பன்றியின் காலைக் கட்டிக்கொண்டே. "நீ நடுங்கினா பரண் கிறீச்சுங்குது. பன்னி ஓடிருமே."

அந்தக் காரணத்தை அப்போது நம்பினேன்.

சென்னப்பட்டணத்துக் காலேஜுக்குக் கப்பலேறும் நாளில் என் பெட்டிக்குள் அந்தக் கருத்த செங்கல்லை வைத்திருந்தாய். "அங்க குளிருமோ என்னமோ." விடுதிப் பெண்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த ஊரில் அதற்கு வேலையே வரவில்லை. உன் மூச்சோடு உன் இருமலும் நின்றுவிட்டது என்ற கடிதம் அங்கேதான் வந்தது. பட்டமளிப்பு அங்கியில் நான் எடுத்துக்கொண்ட படத்தை அம்மா உன் துண்டோடு சேர்த்து வைத்திருக்கிறாள்.

இத்தனை வருஷத்தில் அந்தக் கல்லை நான் ஒருமுறைகூடச் சூடாக்கியதில்லை. இன்று மத்தியானம் கரியடுப்பின் மேல் வைத்தேன். வீட்டுக்கார அம்மாவே கோணித்துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். வெளியே மழை நிற்கவில்லை. கல்லை மடியில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

கல்லு சூடா இருக்கா என்று நீ கேட்டால் நானும் "இருக்கு" என்றுதான் சொல்வேன், அண்ணே. என்னுடையது அன்றும் நிஜமாகவே சூடாக இருந்தது.