பொதுவில் கை வைக்காதே

மச்சான்,

காற்று திரும்பிவிட்டது. பக்கத்து ஷெட்டிலிருந்து சூடான ரப்பர் நாற்றம் இன்று காலை நம் ஆபீசுக்குள் நுழைந்து என் மேசை வரை வந்துவிட்டது. மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவது உன் வேலை. "அம்பத்தூர் எஸ்டேட்ல வேல பாக்குறவனுக்கு தனியா செண்ட் எதுக்குடா" என்று ஒரு வசனம் வேறு பேசுவாய். இன்று யாரும் எழவில்லை. புதிதாக வந்தவர்கள் காதில் எதையோ மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். நானும் எழாமல் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காரணம் சொன்னால் சிரிப்பாய். நீ பைத்தானில் எழுதி வைத்த, நம் புரோகிராம்கள் எல்லாம் எடுத்துப் பயன்படுத்துகிற லைப்ரரியில் ஒரே ஒரு வரியை மாற்ற வேண்டும். டயாலிசிஸுக்கு ஆட்களைக் கூட்டிப்போக வேன் விடுகிறவர்கள் புது சர்வருக்கு மாறிவிட்டார்கள். அது ஆமை வேகத்தில் பதில் சொல்கிறது. பதிலுக்காக நம் புரோகிராம் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டாவிட்டால் மதிய வேன்களுக்கு புக்கிங் ஆகாது. அந்த மதிய வேனில்தான் உன் அம்மா போகிறார்கள்.

நீ போன பிறகு, அந்த வரி இருக்கும் செட்டிங்கை நான் திறந்ததே இல்லை. ஓடுகிற வரை ஓடட்டும் என்று விட்டுவைத்திருந்தேன். பட்டாபிராமில் ரயில் ஏறியதிலிருந்தே அந்த ஒரு வரியை மனசுக்குள் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு வந்தேன். அம்பத்தூரில் இறங்க மறந்து அடுத்த ஸ்டேஷன் வரை போய்த் திரும்பி வந்தேன் என்றால் பார்த்துக்கொள்.

இரண்டு வேன் வந்த அந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? அப்போது எல்லா புரோகிராமுக்கும் ஒரே செட்டிங்தான். எவ்வளவு நேரம் காத்திருப்பது, பதில் வராவிட்டால் திரும்ப அனுப்பலாமா, எல்லாம் ஒரே இடத்தில் கிடந்தன. ரத்தப் பரிசோதனை முடிவுகளை எடுத்துவரும் புரோகிராம் அடிக்கடி பாதியில் நின்றது. நீ அந்தப் பொது செட்டிங்கில் போய், பதில் வராவிட்டால் திரும்பக் கேள் என்று போட்டுவிட்டாய். முடிவை இரண்டு தடவை கேட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் வேன் புக் செய்யும் புரோகிராமும் அதே செட்டிங்கைத்தான் படித்துக்கொண்டிருந்தது. அங்கே பதில் தாமதமானதும், அது சமர்த்தாக இன்னொரு வேனையும் புக் செய்துவிட்டது. நூம்பலில் ஒரு வீட்டு வாசலில் இரண்டு வேன்கள் முட்டிக்கொண்டு நின்றன; அதில் ஒன்று உன் அம்மாவுக்குப் போக வேண்டியது. சென்னீர்குப்பத்தில் உன் அம்மா மடியில் பையை வைத்துக்கொண்டு, வராத வேனுக்காக உட்கார்ந்திருந்தார்கள்.

நீ பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினாய். அம்மாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது உன் முகத்தைப் பார்க்கவே எங்களுக்குப் பயமாக இருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "இன்னா மாமே, எழவு ஊடு மாரி கீறீங்க? எங்கம்மா பைக்ல ஜம்முனு போச்சு. அந்த நூம்பல்காரரு ஊட்ல இன்னா கல்யாணமா, ரெண்டு வேனு கேக்குது?" என்றாய். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

அன்றே உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்துவிட்டாய். பொது செட்டிங்கை யாரும் தொடக்கூடாது. ஒவ்வொரு புரோகிராமும் அதன் நகலை எடுத்துக்கொண்டு, மாற்ற வேண்டியதை அந்த நகலில்தான் மாற்ற வேண்டும். "பொதுவுல கை வெக்காத. உன்னுதுல இன்னா வேணா பண்ணிக்கோ" என்பாய். அதோடு ஒரு வழக்கத்தையும் கொண்டுவந்தாய். மாற்றுகிறவன் சத்தமாகக் கேட்க வேண்டும், பக்கத்தில் இருப்பவன் பதில் சொல்ல வேண்டும்.

"பொதுவா, தனியா?"

"தனி."

"எவ்ளோ நேரம் நிக்கும்?"

"அரை நிமிசம்."

"பதில் வரலன்னா திரும்பப் போவுமா?"

"போவாது. நம்மள கூப்புடும்."

வாய்ப்பாடு ஒப்பிப்பது போல நாம் இருவரும் இதைச் சொல்லி முடித்த பிறகும் நான் இன்னொரு தடவை முதலிலிருந்து சரிபார்ப்பேன். நீயோ தட்டிவிட்டு, "அவ்ளோதான். இன்னா ஆயிடப் போவுது?" என்று எழுந்து போய்விடுவாய். எனக்குப் பொறாமையாக இருக்கும். பயம் என்ற ஒன்றை இவனுக்கு ஆண்டவன் வைக்கவே இல்லையோ என்று நினைத்துக்கொள்வேன். நெஞ்சு வலிக்கிறது என்று நீயே பைக் ஓட்டிக்கொண்டுதான் பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குப் போனாயாம், திரும்பி வரவில்லை. போகும்போதும் இன்னா ஆயிடப் போவுது என்றுதான் சொல்லியிருப்பாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இன்று மேனேஜர் வந்து, "லஞ்சுக்குள்ள முடிஞ்சிடும்ல?" என்றார். தலையாட்டினேன். உன் நாற்காலியில் இப்போது புதிதாக வந்த ஒரு பெண் உட்கார்கிறாள். அவளைப் பதில் சொல்லும்படி கேட்கக் கூச்சமாக இருந்தது. அதனால் கேள்வியையும் பதிலையும் நானே சொன்னேன். "என்னாச்சுண்ணா?" என்று திரும்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்றேன். வேன் புரோகிராமின் நகலில் மட்டும் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினேன். திரும்ப அனுப்பாதே என்று நீ போட்டது அப்படியே இருக்கிறதா என்று பார்த்தேன். மூடிவிட்டுத் திறந்து மறுபடி பார்த்தேன். அப்புறம்தான் ஓடவிட்டேன்.

எல்லாம் சரி என்று திரையில் வந்தது. இரண்டு வேன் வந்த அன்றைக்கும் சரி என்றுதான் வந்தது. டிபன் பாக்ஸைத் திறந்தேன், அப்படியே மூடிவைத்தேன். படிக்கட்டுக்குப் போய் உன் அம்மாவுக்குப் போன் போட்டேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது. எடுத்தபோது, வேன் வந்துவிட்டதா என்று நான் கேட்கவில்லை. வரவில்லை என்று சொல்லிவிட்டால், கூட்டிக்கொண்டு போக இந்தத் தடவை நீ இல்லை.

"சாப்ட்டீங்களாம்மா?" என்றேன்.

அந்தப் பக்கம் அம்மா சிரித்தார்கள்.

"இன்னாப்பா, நீயும் கம்ப்யூட்டர்ல எதையோ மாத்திட்டியா?"

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"அவனும் இப்டித்தான்ப்பா. எதையாவது மாத்துனான்னா ஒடனே போன் வரும். வண்டி வந்துச்சான்னு கேக்கமாட்டான். சாப்ட்டியாம்மான்னு கேப்பான். கொரலு அப்டியே நடுங்கும். நானும் தெரியாத மாரியே, சாப்ட்டேன்டா, வண்டில ஏறிட்டேன்டான்னு சொல்வேன். அப்பாலதான் மூச்சே உடுவான்."

"அம்மா, வண்டி..."

"வண்டிலதான் கீறேன். வேலப்பன்சாவடி தாண்டி போய்கினு கீறோம். நீ போயி சாப்புடு."

படுபாவி, ஒரு தடவையாவது என்னிடம் சொல்லியிருக்கலாம். இத்தனை நாளும் நான் ஒருவன்தான் கோழை என்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். மேலே வந்து, இனிமேல் அந்த லைப்ரரியை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று மேனேஜரிடம் சொன்னேன். பயம் போகவில்லை, மச்சான். நீயும் இதை வைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தாய் என்று தெரிந்த பிறகு, போக வேண்டும் என்றும் தோன்றவில்லை. அம்மாவுக்கு அடுத்த வேன் புதன்கிழமை வருகிறது. அன்றைக்கு எதையும் மாற்றவில்லை என்றாலும், அம்மா சாப்பிட்டார்களா என்று போன் போட்டுக் கேட்பேன்.