உன் கைக்கு அடிக்காத மணி

துறைமுகத்தில் பெரிய பெரிய இரும்புப் பெட்டிகள் வந்து இறங்கத் தொடங்கிய வருஷம் அது. மூட்டை தூக்குகிற ஆட்களைக் குறைக்கப்போகிறார்கள் என்று ராயபுரம் முழுக்க அதே பேச்சு. நேற்று கொருக்குப்பேட்டை காயலான் கடையில் பலம் பார்க்கிற மெஷின் ஒன்றைப் பார்த்தேன் மாமு. சிவப்புப் பெயின்ட், இரண்டு இரும்புப் பிடி, மேலே முள்ளும் மணியும். உடனே அந்த வருஷம் கண் முன்னால் வந்துவிட்டது. எனக்கு எழுத வராது. சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

மூட்டை சரிந்து நசுங்கிய உன் வலது கை அப்போதுதான் ஆறியிருந்தது. திருவொற்றியூர் மாசித் திருவிழாவில் நம் கோஷ்டி அந்த மெஷினைச் சுற்றி நின்றது. நாலணா போட்டுப் பிடியை நெரித்தால் முள் ஏறும். உச்சிக்குப் போனால் மணி அடிக்கும்.

"இன்னாடா, கை ஆறிச்சா? மணி அடி பாப்போம். அடிச்சினா நாளைக்கே வேலைக்கு வந்துடு," என்றார் மேஸ்திரி.

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் கோஷ்டியில் அவர் வாய்ச்சொல்தான் சட்டம். நீ வலது கையால் நெரித்தாய். முள் பாதியில் நின்றது. இடது கையை நீட்டினாய்.

"மூட்டைல கொக்கி போடுற கைய காட்டுடா," என்றார் மேஸ்திரி.

மறுபடியும் பாதிதான்.

உன் பெண்டாட்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். காசிமேட்டில் ஐஸ் பெட்டி இழுத்துப் பழகிய கை. ஒரே நெரி, மணி அடித்துவிட்டது.

"பாத்துக்கோ மேஸ்திரி. பொம்பள புடிச்சாலே அடிக்குது. இந்த ஓட்ட மெஷின நம்பியா ஆள கழட்டி வுடுவ?"

உனக்காகத்தான் வாதாடினாள். கூட்டத்தின் காதில் மணி மட்டும்தான் விழுந்தது. "மாமு, நாளைலேர்ந்து நீ வூட்ல சோறாக்கு, அது மூட்ட தூக்கட்டும்," என்று ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். நீ திரும்பிப் பார்க்காமல் நடந்தாய்.

மறுநாள் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார். "அந்தப் பொண்ணு கேட்டது நாயந்தான். அவன வரச் சொல்லு. கை தேர்ற வரிக்கும் தார்ப்பாய் கட்டிக்கினு இருக்கட்டும்."

ஓடி வந்து சொன்னேன். "சிரிச்சவனுங்க மூஞ்சில முழிக்க மாட்டேன்," என்றாய். அதோடு துறைமுகம் போயிற்று. அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதும் போயிற்று. சாகிறவரை 'ஏய்', 'இந்தா' என்பதோடு சரி.

நேற்று காயலான் கடையிலிருந்து நேராக உன் வீட்டுக்குத்தான் போனேன். மெஷினைப் பார்த்ததை உன் பெண்டாட்டியிடம் சொன்னேன்.

"யாருக்காவ புடிச்சேன்னு ஒரு தபா கேட்டிருக்கலாம்ணே அவரு."

நீ இருந்தபோது அவள் இதைச் சொல்லவில்லை. இப்போது கேட்டுக்கொண்டு வந்த எனக்கு, கொண்டுபோய்ச் சேர்க்க இடமில்லை. மேஸ்திரி போய்விட்டார். சிரித்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் கூட்டத்தில் என்னைத் தவிர இன்னும் உயிரோடு இருப்பவள் உன் அம்சா ஒருத்திதான்.