அம்மாவுக்கு எழுதிய புது மாத்திரை

அன்பு மகளே,

பழைய மாத்திரைக்குத் திரும்பிப் பத்தே நாளில் அம்மா சுவரைப் பிடிக்காமல் நடக்கிறாள்.

"டாக்டர் மாமா எல்லாருக்கும் இதே புது மாத்திரைதான் எழுதறாருப்பா. அந்தக் கம்பெனி செலவுலதான் குடும்பத்தோட வெளிநாடு போயிட்டு வந்தார்" என்று உன் மருந்துக்கடையிலிருந்து நீ சொன்னபோது, முப்பதாண்டு நண்பனுக்காக உன்னைத் திட்டினேன். நீயோ கோபித்துக்கொள்ளாமல் அம்மாவை வேறு மருத்துவரிடம் அழைத்துப்போனாய். அதற்கு நன்றி சொல்லவே இக்கடிதம்.

நேற்று அவன் தொலைபேசியில் சிரித்தான்: "என்னடா, என் வைத்தியம் கசந்துடுச்சா?"

"அவ தலைசுத்தி மூணு தடவை விழுந்தா. மூணு தடவையும் வயசாயிடுச்சுன்னு சொன்ன. வயசானது அவளுக்கா, உன் நேர்மைக்கா?" என்று கேட்டேன்.

அவனிடம் இனிப் பேச எதுவுமில்லை. உன்னிடம் ஒன்று உண்டு: இவ்வீட்டுக்கு வரும் மருந்துச்சீட்டை முதலில் நீ பார். நான் திட்டினாலும் கேட்காதே.

நன்றியுடன்,
உன் அப்பா