உள்ளங்கையில் எழுதிய சொல்

நாரின் நகரம்
கம்பளி கத்தரிக்கும் மாதம்

பாமீர் மலையில், சக்மக்தின் ஏரிக்கரையில் இருக்கும் என் தம்பி ஜோல்போய்க்கு அண்ணன் தொக்தார் எழுதுவது. இங்கே நாங்கள் நலம். உன் கவரிமாடுகள் நலமா? ஆடுகள் நலமா? பிள்ளைகளும் உன் முழங்காலும் நலமா?

இதை உனக்கு வாசித்துக் காட்டுகிறவர் மருத்துவக் குழுவோடு அங்கே வருகிற நல்ல மனிதர். ஆனால் எழுதியது அவர் இல்லை. வேறு யாரையும் வைத்து நான் எழுதவும் இல்லை. நானே எழுதினேன். நீ சிரிப்பாய். சிரித்து முடிக்கும்வரை அவரை நிறுத்தச் சொல்.

முடிந்ததா? சரி.

எழுபத்தொரு வயதில் எனக்கு எழுத்து வந்துவிட்டது, தம்பி. நம் மலையில் வாயை விட்டு வெளியே வந்த சொல் மூச்சோடு கரைந்துவிடும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இங்கே கடைத்தெருவில் ஒரு நீலப் பலகை இருக்கிறது. மூன்று குளிர்காலமாக அதன் கீழே நடந்திருக்கிறேன். ஒருநாள் அண்ணாந்து பார்த்தேன். 'ரொட்டி' என்றது. அங்கேயே நின்றுவிட்டேன். இத்தனை நாளும் அது என்னைப் பார்த்து ரொட்டி, ரொட்டி என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நான்தான் காது கேளாதவன் மாதிரி போயிருக்கிறேன். உள்ளே போய் ரொட்டி வாங்கினேன். பசியே இல்லை. அவ்வளவு நேரம் கூப்பிட்டதற்கு ஒரு மரியாதை.

பாமீரிலிருந்து வந்த கிழவர் கிழவிகள் ஏழு பேருக்கு அய்பெரி என்ற பெண் பாடம் சொல்லித் தருகிறாள். நவ்ரூஸ் புத்தாண்டுக்கு முந்தின வாரம் அவள் சொன்னாள்: "டவுன்ல எல்லாரும் புது வருஷத்துக்குப் பத்து உறுதிமொழி எடுக்குறாங்க. பனி உருகுறதுக்குள்ள பத்தும் உருகிடுது. நாம அதெல்லாம் எடுக்க வேணாம். ஆளுக்கு ஒரே ஒரு சொல்லு எடுங்க. வருஷம் பூரா அதைப் புடிச்சுக்கிட்டு நடங்க. நீங்களே எழுதி, தினமும் கண்ணுல படுற இடத்துல ஒட்டி வைங்க."

கிழவன் அப்திமாலிக் 'பல்' என்று எழுதினான். வாயில் மூன்றுதான் மிச்சம். உன் அண்ணி ஸெய்னெப் 'பொறுமை' என்று எழுதிவிட்டு, எல்லார் முன்னாலும், "இந்த ஆளோட நாப்பத்தாறு வருஷம் ஓட்டியாச்சு. வேற என்னத்தை எழுத?" என்றாள். அறையே சிரித்தது.

என் மண்டையில் ஒன்றும் வரவில்லை. தலையைக் குனிந்தேன். மடியில் என் கை கிடந்தது. 'உள்ளங்கை' என்று எழுதினேன்.

"தாத்தா, அதை வச்சு என்ன செய்வீங்க?" என்று அய்பெரி கேட்டாள்.

"தெரியலம்மா. அதான் ஒரு வருஷம் இருக்கே" என்றேன்.

மற்றவர்கள் சொல்லைச் சுவரில் ஒட்டினார்கள். நான் என்னுடையதை அதன் இடத்திலேயே எழுதிக்கொண்டேன், இடது உள்ளங்கையில், நீல மையால். நீ பனியில் வழிதவறிய வருடம் உன்னைத் தேடிப் போய் மோதிர விரலின் நுனியை உறைபனிக்குப் பறிகொடுத்தேனே, அந்தக் கைதான். தொழுகைக்குக் கை கழுவினால் சொல் கரையும். தொழுது முடித்து மறுபடி எழுதுவேன். ஒரு நாளைக்கு ஐந்து தடவை. வகுப்பில் என் கையெழுத்துதான் இப்போது அழகு என்று அய்பெரியே சொல்லிவிட்டாள்.

தம்பி, அந்தச் சொல்லை நான் தேர்ந்தெடுத்தேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

சித்திரை வாக்கில் பக்கத்து வீட்டுக் கெங்கெஷின் பசு வந்து எங்கள் வைக்கோல் போரில் பாதியைத் தின்றுவிட்டது. என் கோபம் உனக்குத் தெரியும். வேலியைத் தாண்டிப் போய் அவனை அறைவதற்கு இடது கையை ஓங்கினேன். அவன் குனியவில்லை. என் கையையே உற்றுப் பார்த்து, எழுத்துக் கூட்டி வாசித்தான். அப்புறம் சொன்னான்: "ஏண்ணே, எதால அடிக்கணும்னு மறந்துடக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்கியா?" ஓங்கிய கை அப்படியே நின்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் மனைவி தேநீர் கொண்டுவந்தாள். மறுநாள் அவன் ஒரு வண்டி வைக்கோல் கொண்டுவந்து போட்டான்.

அன்றிலிருந்து கையைக் கவனிக்க ஆரம்பித்தேன். மூடியிருந்தால் சொல் தெரியாது. பார்ப்பதற்காகவாவது திறக்க வேண்டியிருந்தது. திறந்தால் யாராவது எதையாவது வைத்துவிடுகிறார்கள். பேத்தி உலர்ந்த பாதாமிப்பழம் வைத்தாள். கெங்கெஷின் குதிரை வந்து மூக்கை வைத்தது. ஒருநாள் ஆலங்கட்டி ஒன்று நேராக வந்து விழுந்தது. மைக்கு நடுவில் அது கரைவதைக் கடைசிச் சொட்டுவரை பார்த்தேன். இந்தக் கையை எழுபது வருடமாக வைத்திருக்கிறேன், ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை.

அப்புறம் உன் கைகள் நினைவுக்கு வந்தன.

மலையை விட்டு இந்த ஊருக்கு நாங்கள் கிளம்பிய அந்தக் காலை. "அப்பா கல்லறையை விட்டுட்டு ஓடுறியா? ஓடு!" என்று நீ கத்தினாய். நானும் சொல்லக் கூடாததைச் சொன்னேன். ஆனாலும், பயணம் புறப்படும் மூத்தவன் முன்னால் இளையவன் செய்ய வேண்டியதை நீ செய்தாய். அவ்வளவு கோபத்திலும் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, என் ஆசிக்காக நின்றாய். நான் கையைத் தூக்கவில்லை. குதிரை ஏறினேன். மேட்டிலிருந்து திரும்பிப் பார்த்தேன். நீ அப்படியே நின்றாய். பனி உன் கைகளில் விழுந்துகொண்டிருந்தது.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஸெய்னெப்பிடம் கூட.

உன் மகன் எர்கினின் கல்யாணத்தை இரண்டு தடவை தள்ளிப்போட்டுவிட்டாய் என்று, அங்கிருந்து வந்தவர் போன மாதம் சொன்னார். "எங்க அண்ணன் ஆசி சொல்லாத வீட்டுக்கு எந்தத் தைரியத்துல மருமகளைக் கொண்டாருவேன்?" என்று நீ கேட்டாயாமே. இந்த இலையுதிர் காலத்துக்குள் நடக்காவிட்டால் பெண்ணை வேறு இடத்தில் கொடுப்பேன் என்று சம்பந்தி சொல்லிவிட்டாராம். அதைக் கேட்ட நாளிலிருந்து எழுதுகிறேன். பதினெட்டு நாள் ஆகிறது.

காகிதத்தில் எழுதினால் ஆசி ஆகுமா என்று இங்குள்ள மௌலவியிடம் கேட்டேன். அவர் தாடியைத் தடவினார். "நீ அதை எழுதும்போது உன் கை நடுங்குச்சா?" என்று கேட்டார். நடுங்கியது என்றேன். "அப்ப போயி அனுப்பு" என்றார்.

வாசிக்கும் நல்லவரே, இங்கே கொஞ்சம் நிறுத்துங்கள். என் தம்பி எழுந்து நிற்கட்டும். எர்கினும் பக்கத்தில் நிற்கட்டும். இருவரும் கைகளை விரிக்கட்டும்.

ஜோல்போய், உன் அடுப்பில் நெருப்பு அணையாதிருக்கட்டும். உன் கூடாரத்து வாசல் நல்லவர்களின் பக்கம் பார்க்கட்டும். எர்கினின் மனைவி உன் வீட்டில் முதல் தேநீரைச் சிரித்துக்கொண்டே ஊற்றட்டும். அவர்கள் பிள்ளைகள் குளிர்காலத்தைத் தாண்டட்டும். உன் மந்தை கணவாயைத் தாண்டட்டும். நீ செய்ததெல்லாம் சரி. கை தூக்காமல் போனவன் நான். ஆமீன்.

இனி முகத்தைத் தடவிக்கொள்ளுங்கள்.

கீழே இருப்பதை உனக்கு யாரும் வாசித்துக் காட்ட வேண்டாம். என் இடது கையைக் காகிதத்தில் வைத்து, சுற்றிக் கோடு இழுத்திருக்கிறேன். மோதிர விரல் குட்டையாக இருக்கும். காகிதத்தைத் தரையில் வை. அதன்மேல் உன் கையை வை. குழு திரும்பும்வரை காத்திருப்பேன். கல்யாணம் நடந்தது என்ற ஒரு வார்த்தை போதும்.

விரித்த கையோடு,
உன் அண்ணன்
தொக்தார்