பந்தல் போட ஓர் இடம்

இன்று காலை அலுவலகம் வரும் வழியில் ஒரு சாவு வீடு. தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். வெயில் ஏறிய ஷாமியானாத் துணியும் சம்பங்கி மாலையும் கலந்த வாசனை வந்ததும் வண்டியை ஓரங்கட்டிவிட்டேன். யார் வீடென்று தெரியாது. உனக்கு எழுத வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

நம் இருவருக்கும் கிடைத்த முதல் பெரிய வேலை அந்த மில் நிலம். மூடிக்கிடந்த பஞ்சாலையை இடித்து வீட்டுமனை போடப்போகிறார்கள். அங்கே யார் வீடு கட்டினாலும் மதில் எவ்வளவு உயரம், வாசல் முன்னால் எத்தனை அடி விடுவது, தெரு எவ்வளவு அகலம் என்று ஒரு விதிப்புத்தகம் எழுதித்தரச் சொன்னார் நிலத்தை வாங்கிய முதலாளி. நான் அலுவலகத்தில் உட்கார்ந்து படமாகப் போட்டுத் தள்ளினேன். நீ காலி நிலத்தில் நடந்து நடந்து கேள்வியாகக் கேட்டாய். தண்ணீர் லாரி எங்கே திரும்பும், வாசலில் கோலம் போட இடம் மிஞ்சுமா, இப்படி. ஒருநாள் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே கேட்டாய்.

“ஏண்டி, ஒரு சாவு விழுந்தா சனமெல்லாம் எங்கன உக்காரும்?”

சாப்பிடும்போது பேசுகிற பேச்சா இது என்று கடிந்துகொண்டேன். நீ விடவில்லை. இரண்டு தெருவுக்கு ஒரு திறந்தவெளி, இரண்டு வேப்பமரம், மதில் கிடையாது, வண்டி நிறுத்தக் கூடாது என்று விதி எழுதினாய். எதற்காக என்ற இடத்தில், ‘சாவுக்கும் விசேஷத்துக்கும் பந்தல் போட’ என்று எழுதினாய்.

முதலாளியிடம் காட்டப் போன அன்று உனக்குக் காய்ச்சல். நான் மட்டும் போனேன். புத்தகத்தைப் புரட்டியவர் உன் விதி இருந்த பக்கத்தில் நின்றுவிட்டார்.

“புது வீடு கட்ட வாரவுக கையில சாவுன்னு எழுதிக் குடுக்கச் சொல்றீகளாம்மா?”

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அங்கேயே பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டு, ‘பொதுப் பயன்பாட்டுக்கு’ என்று எழுதினேன். என்ன பயன்பாடு என்று சொல்லாத இடத்துக்காக யார் வாதாடுவார்கள்? அடுத்த கூட்டத்தில் அந்தத் திறந்தவெளிகளெல்லாம் மனைகளாகிவிட்டன. நீ வரைபடத்தை வெகுநேரம் பார்த்தாய்.

“பேரை எடுத்துட்டே. எடம் மட்டும் எப்படிடி நிக்கும்?”

அதற்குப் பிறகு நீ அதைப் பற்றிப் பேசவே இல்லை. நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

அங்கேயே ஒரு மனை வாங்கி வீடும் கட்டினாய். நாம் எழுதிய விதிக்குள் நாமே குடியிருந்து பார்க்க வேண்டாமா என்று சிரித்தாய். அந்த வீட்டில்தான், பங்குனி வெயிலில், உன்னைக் கிடத்தினோம். ஐஸ் பெட்டியைக் கார் நிறுத்தும் இடத்தில் வைத்தார்கள். தெருவில் பந்தல் போட்டால் வேறு வண்டி போக வழியில்லை. எதிர்வீட்டில் நோயாளி இருந்தார், வழியை அடைக்க வேண்டாம் என்றார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆத்தூரிலிருந்து வேனில் வந்த உன் சொந்தக்காரர்கள் மதிலோரத்து நிழலில் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். வயதானவர்கள் வேனுக்கே திரும்பிப்போய் உட்கார்ந்துகொண்டார்கள். உன் அம்மா உன் காலடியிலிருந்து எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்.

“ஏன் தாயி, வந்த சனம் செத்த நேரம் உக்கார எடமில்லாமயா ரெண்டு பேரும் சேந்து கட்டுனீக?”

நான் வாயைத் திறக்கவில்லை. உன் பெட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு எப்படித் திறப்பேன்?

இப்போது ஒட்டன்சத்திரம் சாலையில் இன்னொரு நிலத்துக்கு விதி எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் வரியை ஓர் எழுத்துகூட மாற்றாமல் சேர்த்திருக்கிறேன். இவர்களும் ‘சாவு’ என்ற சொல்லை எடுக்கச் சொன்னார்கள். எடுக்கத்தான் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். இன்னும் பதில் வரவில்லை. இதில் எனக்குப் பெருமை எதுவும் இல்லை. அன்றைக்கே அந்த முதலாளியிடம் சொல்லியிருக்க வேண்டியது.

உன் அம்மா ‘ரெண்டு பேரும்’ என்றாரே, அதுதான் என்னைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. வருகிற சனத்துக்கு இடம் விட வேண்டுமென்று தன் மகளுக்கும் தோன்றவில்லை என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆத்தூருக்குப் போகிறேன். உங்கள் மகள் எல்லோருக்கும் இடம் விட்டுத்தான் எழுதினாள் அம்மா, அதை அடித்தது நான் என்று சொல்லப்போகிறேன்.