மூன்று முறை இல்லை என்றேன்

மார்ச் 4, செவ்வாய்

பேத்தி இன்று என்னையும் மருமகளையும் அவளுடைய லேபுக்கு அழைத்துப் போனாள். ரத்தம், சளி, சதைத் துணுக்கு எல்லாம் பார்த்து யாருக்கு என்ன நோய் என்று சொல்கிற இடம். சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. ஆறு முடிந்தால்தான் வேலை நிரந்தரம். என் கன்னத்தின் உள்ளே பஞ்சுக் குச்சியால் ஒரு இழுப்பு இழுத்து, கண்ணாடித் துண்டில் தடவி, நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். தட்டைத் தட்டையாக, நடுவில் ஒரு புள்ளியோடு என்னென்னவோ.

"இதெல்லாம் நீதான் பாட்டி. உன்னோட செல்."

"இத்தனை பேரா!" என்றேன். லேபே சிரித்தது. கண்ணாடியில் பார்க்கிற என்னைவிட இதில் நான் நன்றாகவே இருந்தேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவளின் பேத்தி இந்த மெஷின்களை எல்லாம் மேய்க்கிறாள் என்று எதிரில் வந்த இரண்டு பேரிடம் சொல்லிவிட்டேன்.

வந்தது வந்தோம் என்று ரத்தமும் எடுத்தாள். "ஏதாவது மாத்திரை சாப்பிடுறியா?"

"இல்லை."

இந்த நோட்டில் மட்டும் பொய் எழுதமாட்டேன். குளியலறை அலமாரியில் மருமகள் வைத்திருக்கும் முடி மாத்திரை, தினம் இரண்டு, இரண்டு மாதமாக என் வயிற்றுக்குள்தான் போகிறது. வகிடு ரோடு போல அகலமாகிக்கொண்டே போனால் நான் என்ன செய்ய?

மார்ச் 5, புதன்

மாத்திரை குறைவதை மருமகள் கண்டுபிடித்துவிட்டாள். என் மகனைப் பிடித்துக்கொண்டாள். "நெலமே இல்லாத எடத்துல எதுக்குங்க உரம்?"

"சத்தியமா நான் எடுக்கல."

"அப்புறம் யாரு, உங்கம்மாவா?"

இருவரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

மார்ச் 7, வெள்ளி

எனக்குக் கழுத்தில் தைராய்டு தாறுமாறாக ஓடுகிறதாம். டாக்டரிடம் போனோம்.

"படபடப்பா இருக்கா? எடை குறைஞ்சிருக்கா?"

"ரெண்டு கிலோ ஏறியிருக்கு டாக்டர்."

"தூக்கம்?"

"எழுப்பத்தான் ஆள் வேணும்" என்றாள் மருமகள்.

டாக்டர் காகிதத்தை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார். மாத்திரை ஏதும் உண்டா என்றார். இல்லை என்றேன். மருமகள் தோளை உரசிக்கொண்டு நின்றால் வேறென்ன சொல்வது?

மார்ச் 12, புதன்

இரண்டாம் முறையும் அதே கதை. அதே ரத்தத்தை வேறொரு லேபுக்கு அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள் — அங்கே எல்லாம் சரியாக இருக்கிறதாம். லேபின் தலைமை டாக்டரம்மா பேத்தியைக் கூப்பிட்டு, "டியூப்ப மாத்தினியா, மெஷினக் கெடுத்தியா? ரெண்டுல எதுன்னு நீயே சொல்லு" என்று கேட்டிருக்கிறாள். மெஷினைச் சரிபார்த்தது பேத்திதான். நிரந்தரம் பற்றி இப்போது பேச்சே இல்லையாம்.

வந்ததும் என்னிடம் கேட்டாள். "கோவிச்சுக்காத பாட்டி. கசாயம், பொடி, மாத்திரை... எதுவுமே இல்லையே?"

மருமகள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள்.

"இல்லடி."

முடி மாத்திரைக்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம்? அது தலைக்குத்தானே போகும்?

மார்ச் 14, வெள்ளி

சம்பந்தம் இருக்கிறது.

பேத்தி தடிப் புத்தகத்தோடு சாப்பிட உட்கார்ந்தாள். "அப்பா, நல்லவேளை உங்க ரத்தத்த எடுக்கல. முடி மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு எங்க மெஷின் தப்பாத்தான் சொல்லும்."

"நான் சாப்பிடலன்னு எத்தன தடவ சொல்றது!"

அந்த மாத்திரையில் இருக்கிற வைட்டமின்தான் வில்லனாம். "பஸ்ல முன்னாடியே ஏறி எல்லா சீட்லயும் துண்டு போட்டுடும்பா. தைராய்டு சமாச்சாரம் உக்கார எடமில்லாம நிக்கும். மெஷின் சீட்ட வச்சுத்தான் கணக்குப் போடும்." அந்த இன்னொரு லேபில் மெஷின் வேறு மாதிரி, அங்கே துண்டு செல்லாதாம்.

"அப்ப பாட்டிக்கும் அப்படித்தானோ?" என்றான் மகன்.

"பாட்டிதான் இல்லேன்னுச்சே. எங்கிட்ட பொய் சொல்லாது."

அய்யோ, நானேதானா? எம்பேத்தி ரெண்டு நாளா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரியுது, நான் வகிட்டத் தடவிப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.

மார்ச் 15, சனி

யாரிடமும் சொல்லாமல் போனேன். தலைமை டாக்டரம்மாவின் மேஜையில் மாத்திரை டப்பாவை வைத்தேன்.

"யாரும்மா நீங்க?"

"நீங்க திட்டுற பொண்ணோட பாட்டி. திட்ட வேண்டிய ஆளு நான்தான்."

டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். "ஒரு நாளைக்கு எத்தன?"

"ரெண்டு."

"கேட்டப்ப ஏன் சொல்லல?"

"மருமக பக்கத்துல நின்னா."

ஒரு வாரம் மாத்திரையைத் தொடாமல் இருந்துவிட்டு வா, அதே மெஷினில் பார்க்கலாம் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "முடி வளந்துச்சா?" என்று கேட்டாள்.

திரும்பினால் வாசலில் பேத்தி. என்னைப் பார்த்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 22, சனி

அதே மெஷின், அதே கை, என் ரத்தம். எல்லாம் சரி. பேத்தி காகிதத்தை நீட்டினாள்.

"எங்கிட்ட கூடவா பாட்டி?"

அவ்வளவுதான் கேட்டாள். காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மருமகள், "கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே அத்தை" என்றாள். அதனால்தானே கேட்கவில்லை. மகன் மட்டும் குற்றமற்ற வழுக்கையோடு வீடு முழுக்க உலாத்துகிறான்.

மார்ச் 25, செவ்வாய்

பேத்தி இன்னும் என்னோடு பேசவில்லை.

மே 6, செவ்வாய்

நிரந்தரம்! கடிதத்தை முதலில் என் கையில்தான் கொடுத்தாள். கண்ணாடி போட்டு, எழுத்து விடாமல் இரண்டு முறை படித்தேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

மே 20, செவ்வாய்

சர்க்கரை பார்க்க லேபுக்குப் போயிருந்தேன். ரத்தம் எடுக்குமுன் கேட்டு எழுதுகிற தாளில் இப்போது புதிதாக ஒரு வரி: முடி, நகம், தோல் — இவற்றுக்கு ஏதாவது மாத்திரை உண்டா?

எனக்கு ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாற்காலியில் என் வயதுக்காரி ஒருத்தி, பக்கத்தில் அவள் மருமகள். பேத்தி அந்த வரியைப் படித்தாள்.

"இல்லை." படித்து முடிக்குமுன் அந்த வயதுக்காரியிடமிருந்து வந்துவிட்டது.

பேத்தி பேனாவைக் கீழே வைத்தாள். அவள் மருமகளைப் பார்த்து, "நீங்க கொஞ்ச நேரம் வெளிய உக்காருங்கம்மா" என்றாள். என்னைப் போகச் சொல்லவில்லை.

கதவு மூடியதும் குனிந்து, மெதுவாக என்னவோ கேட்டாள். நான் சுவர்க் காலண்டரைத் தேதி தேதியாகப் படித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, பேனா எழுதுகிற சத்தம் கேட்டது.